அக்காவை விட்டுவிட்டு எழுதிய கேள்வி

அப்பா கார் ஓட்டுவதை நிறுத்த வேண்டுமா என்ற கேள்வியை, முன்பின் தெரியாத மனிதர்களிடம் இணையத்தில் நான் கேட்டது ஒரு நள்ளிரவில். அன்று மாலைதான் அக்காவும் நானும் தொலைபேசியில் குரலை உயர்த்திப் பேசி, பேச்சை முடிக்காமலே வைத்திருந்தோம். அப்பாவுக்கு அப்போது 76 வயது. காரின் முன்பக்கத்தில் புதிதாக ஒரு கீறல் விழுந்திருந்தது. எங்கே, எப்போது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அதற்கு முந்தைய வாரம், இரவில் எதிரே வந்த வண்டியின் விளக்கொளி கண்ணில் பட்டதும் பாதை தெரியாமல் தடுமாறி, காரை ஓரமாக நிறுத்திவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். சாவியை உடனே வாங்கி வைத்துவிட வேண்டும் என்று நான் சொன்னேன். கூடவே கூடாது என்று அக்கா சொன்னார்.

கேள்வியை எழுதி முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. விடிவதற்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட பதில்கள் வந்து சேர்ந்தன, ஏறக்குறைய எல்லாமே என் பக்கம். உங்கள் அக்கா உண்மையைப் பார்க்க மறுக்கிறார் என்றார் ஒருவர். யாராவது அடிபட்ட பிறகு வருந்திப் பயனில்லை என்றார் இன்னொருவர். எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. பதில்களை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். ஒரு நாள் முழுவதும் அவரிடமிருந்து எதுவும் வரவில்லை. மறுநாள் இரவு இப்படி ஒரு செய்தி வந்தது: "நீ எழுதியதைப் படித்தேன், தம்பி. அதில் வருகிற அக்கா யார் என்று எனக்குத் தெரியவில்லை. வாரத்தில் இரண்டு நாள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் காரில் போகிறவள் நான். அதை நீ எழுதவே இல்லையே."

அவர் சொன்னது சரி. நான் பொய் எதுவும் எழுதவில்லை. ஆனால் எழுதியவற்றில் எதுவும் அக்காவுக்குச் சாதகமாக இல்லை. அவர் வாரந்தோறும் உடன் செல்வதையும், அப்பா பகலில் நன்றாகவே ஓட்டுகிறார் என்று தன் கண்ணால் பார்த்துச் சொன்னதையும், கார் இல்லாவிட்டால் அப்பா வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுவார் என்ற அவருடைய அச்சத்தையும் விட்டுவிட்டு, "அக்கா ஒப்புக்கொள்ள மறுக்கிறார்" என்ற ஒரே வரியில் அவரை முடித்திருந்தேன். நாற்பது பேரும் நான் எழுதிக் கொடுத்த குடும்பத்துக்குத்தான் தீர்ப்புச் சொன்னார்களே தவிர, எங்கள் குடும்பத்துக்கு அல்ல.

இத்தனைக்கும் இணையத்தில் கேள்வி கேட்பது எனக்குப் புதிதல்ல. பத்து ஆண்டுகளுக்கும் மேலாக, வீட்டுச் சாமான் பழுதிலிருந்து வேலையை விடலாமா என்பது வரை பலவற்றையும் கேட்டிருக்கிறேன். அதைவிட அதிகமாகப் பிறருக்குப் பதிலும் எழுதியிருக்கிறேன். தெரியாதவரிடம் போய்ச் சொந்த விஷயத்தைக் கேட்பதா என்று முகம் சுளிப்பவர்களுக்கு நான் சொல்வது, இந்தப் பழக்கம் இணையத்தைவிட மிகவும் மூத்தது என்பதுதான். 1691ஆம் ஆண்டிலேயே லண்டனில் ஜான் டன்டன் என்பவர் நடத்திய ஓர் இதழ், பெயர் சொல்ல விரும்பாத வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் அளிப்பதையே தன் வேலையாகக் கொண்டிருந்தது. அறிவியல், சமயம் பற்றிய ஐயங்களோடு காதலும் திருமணமும் பற்றிய ஐயங்களும் அங்கே வந்து குவிந்தன. நெருங்கியவர்களிடம் மறைப்பதை மனிதர்கள் அந்நியரிடம் திறந்து சொல்லிவிடுகிறார்கள் என்று 1908ஆம் ஆண்டு ஜெர்மானியச் சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் எழுதினார். நம் வீட்டு நியாய அநியாயங்களில் அந்நியருக்குப் பங்கில்லை, நாளை நம்மை எதிர்கொண்டு பார்க்கப்போவதும் இல்லை என்பதால் அப்படிச் சொல்ல முடிகிறது.

இன்னொரு காரணமும் உண்டு, அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். நமக்கு நெருங்கியவர்களுக்குப் பெரும்பாலும் நமக்குத் தெரிந்ததே தெரிந்திருக்கும். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், தெரிந்தவர்கள் வழியாக வேலை பெற்றவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி என்று சொன்னவர்கள் நூற்றுக்கு 17 பேருக்கும் குறைவு. எப்போதாவது அல்லது அரிதாகப் பார்ப்பவர் மூலமே மற்றவர்களுக்கு வேலை கிடைத்திருந்தது. முழு அந்நியருக்கும் இந்தக் கணக்கு பொருந்துமா என்று அவர் பார்க்கவில்லை. ஆனால் என் வட்டத்துக்குள் இல்லாத அறிவு அந்த வட்டத்துக்கு வெளியிலிருந்துதான் வர முடியும் என்பதை என் வாழ்க்கையில் பலமுறை கண்டிருக்கிறேன்.

கேட்கும் முறையை எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது ஒரு வாஷிங் மெஷின். அடியிலிருந்து தண்ணீர் கசிந்தது. "வாஷிங் மெஷின் ஒழுகுகிறது, என்ன செய்யலாம்?" என்று கேட்டேன். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள் என்று இரண்டு பேர் சொன்னார்கள், வேறு பதில் இல்லை. மூன்று நாள் கழித்து ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: தண்ணீர் நிரம்பும்போது ஒழுகுகிறதா, வெளியேறும்போதா, அல்லது துணியைப் பிழிந்து சுழலும்போதா? நான் அதைக் கவனித்ததே இல்லை. அன்று முழுச் சுற்றும் அருகில் உட்கார்ந்து பார்த்தேன். வெளியேறும்போது மட்டும்தான் ஒழுகியது. அதை எழுதியதும் கால் மணி நேரத்தில் பதில் வந்தது. நிரம்பும்போது ஒழுகினால் தண்ணீர் உள்ளே வரும் குழாயையும் சோப்புத்தூள் போடும் தட்டையும் பார்க்க வேண்டும். வெளியேறும்போது என்றால் பம்ப் ஃபில்டரின் மூடியையும் வெளியேற்றும் ஹோஸையும் பார்க்க வேண்டும். என் மெஷினில் ஃபில்டர் மூடி சரியாகத் திருகப்படாமல் இருந்தது. முந்தைய வாரம் அதைச் சுத்தம் செய்தவன் நானே.

அன்றிலிருந்து, கேள்வியை எழுதுவதற்கு முன் நான் அதை மூன்று வகையில் சோதித்துப் பார்க்கிறேன். என்ன நடக்கிறது என்பதோடு எப்போது நடக்கிறது, எப்போது நடப்பதில்லை என்பதை எழுதியிருக்கிறேனா? இதுவரை எதையெல்லாம் செய்து பார்த்தேன், அதனால் என்ன ஆனது என்று சொல்லியிருக்கிறேனா? என் ஊகத்தையும் நான் கண்ணால் கண்டதையும் தனித்தனியாக வைத்திருக்கிறேனா? கடைசிச் சோதனைதான் கடினமானது. "மோட்டார் போய்விட்டது" என்று எழுதினால் படிப்பவர் மோட்டாரைப் பற்றியே யோசிப்பார். "சுவிட்சைப் போட்டால் ஓர் உறுமல் கேட்கிறது, ஆனால் சுழலவில்லை" என்று எழுதினால், விவரம் தெரிந்தவர் எங்கே பார்க்க வேண்டும் என்பதைத் தானே கண்டுபிடித்துக்கொள்வார். இப்படி முழுமையாக எழுத உட்கார்ந்த கேள்விகளில் பலவற்றை நான் அனுப்பாமலே அழித்திருக்கிறேன். மற்றொருவருக்குப் புரியும்படி வரிசையாக எழுதும்போதே விடை எனக்குத் தெரிந்துவிட்டது. கணினி நிரல் எழுதுபவர்கள் மேசைமேல் ஒரு ரப்பர் வாத்தை வைத்துக்கொண்டு அதனிடம் சிக்கலை விளக்கிச் சொல்வார்கள். அதே பயன்தான் இதிலும்.

நிரல் எழுதுபவர்களிடம் வேறொரு பயனுள்ள சொல்வழக்கும் உண்டு. ஒருவர் தன் உண்மையான தேவையைச் சொல்லாமல், அதற்குத் தான் யோசித்து வைத்திருக்கும் வழியைப் பற்றி மட்டும் கேட்பதை அவர்கள் எக்ஸ்-ஒய் சிக்கல் என்பார்கள். வாழ்க்கைக் கேள்விகளில் இது இன்னும் அதிகம். "ராஜினாமாக் கடிதத்தை மரியாதையாக எழுதுவது எப்படி?" என்று நான் ஒருமுறை கேட்டேன். கடிதத்தின் வாசகங்களை ஏழெட்டுப் பேர் அழகாக எழுதிக் கொடுத்தார்கள். ஒருவர் மட்டும், எதற்காக விலகுகிறீர்கள் என்று சொல்ல முடியுமா என்று கேட்டார். மேலாளரோடு ஒரே ஒரு வேலை தொடர்பாக இருந்த மனத்தாங்கலைச் சொன்னேன். அதை மேலாளரிடம் சொல்லிவிட்டீர்களா என்று அடுத்து கேட்டார். சொல்லவில்லை. அதன் பிறகு சொன்னேன், அந்த நிறுவனத்தில் மேலும் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லியிருந்தால் அவருக்கும் சிரமம் இருந்திருக்காது. கேள்விக்குப் பின்னால் இருந்ததைக் கேட்க அவர் நேரம் செலவிட்டார். இப்போது என் கேள்விகளை "இதை எதற்காகக் கேட்கிறேன் என்றால்" என்று தொடங்கும் ஒரு வாக்கியத்தோடுதான் முடிக்கிறேன்.

இருந்தும், பொருள்களைப் பற்றிய கேள்விக்கும் மனிதர்களைப் பற்றிய கேள்விக்கும் உள்ள வேறுபாடு அக்காவின் செய்தி வரும்வரை எனக்குப் புரியவில்லை. மெஷினைப் பற்றி நான் தவறாக எழுதினால், பதில் பலிக்காது, உடனே தெரிந்துவிடும். ஒரு மனிதரைப் பற்றித் தவறாக எழுதினாலோ, பதில் எனக்குப் பிடித்த மாதிரியே வந்து, நான் எழுதியது சரிதான் என்று என்னை மேலும் நம்பவைத்துவிடும். அதைச் சோதிக்க எந்தக் குழாயும் இல்லை.

அந்த வாரக் கடைசியில் நான் ஒரு காரியம் செய்தேன். அக்கா இந்தக் கேள்வியை எழுதினால் எப்படி எழுதுவார் என்று நினைத்து, அவர் குரலில், யாருக்கும் அனுப்பாமல் எழுதிப் பார்த்தேன். முதல் இரண்டு வரியிலேயே நின்றுவிட்டேன், ஏனென்றால் எனக்கு அவர் பக்கத்து விவரங்கள் தெரியவில்லை. அப்பா எந்தெந்த வழிகளில் போகிறார், எந்த நேரத்தில் போகிறார், கண்ணைக் கடைசியாக எப்போது காட்டினார், புதிதாக ஏதேனும் மாத்திரை எடுத்துக்கொள்கிறாரா என்று எதுவும் தெரியாமலே சாவியை வாங்கிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். அக்காவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். பிறகு, நான் எழுதுவதற்கு உதவி செய்யுங்கள் என்று கேட்டேன். சற்று மௌனமாக இருந்துவிட்டு, "கேள், சொல்கிறேன்" என்றார். ஒரு மணி நேரம் பேசினோம். அப்பாவைப் பற்றி நாங்கள் சண்டையில்லாமல் அவ்வளவு நேரம் பேசியது பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான்.

இரண்டாவது கேள்வியை நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதினோம். யார் எந்தப் பக்கம் என்று அதில் குறிப்பிடவில்லை. ஒருவருக்கு இந்த அச்சம், மற்றவருக்கு இந்த அச்சம், இருவரும் நேரில் கண்டவை இவை, எங்களுக்குத் தெரியாதவை இவை என்று மட்டும் எழுதினோம். யார் சொல்வது சரி என்ற முதல் கேள்வி, நாங்கள் எதைத் தெரிந்துகொண்ட பிறகு முடிவு செய்ய வேண்டும் என்று மாறியிருந்தது. இம்முறை வந்த பதில்கள் 12தான். அவற்றில் தீர்ப்பு ஒன்றுகூட இல்லை. அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ள நோயாளிகளைப் பயிற்றுவிக்கும் தொழில்வழி சிகிச்சை அளிப்பவராக நெடுங்காலம் பணியாற்றியதாகச் சொன்ன ஒருவர், முதியவர்களின் ஓட்டும் திறனை முறைப்படி சோதித்துச் சொல்லும் ஏற்பாடு பல நாடுகளில் உண்டு என்றும், அது இல்லாத இடத்திலும் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு என்றும் விரிவாக எழுதியிருந்தார். பழகிய பாதையில் வழி தவறுகிறாரா, எதிர்ப்போக்குவரத்தைக் கடந்து திரும்பும் இடங்களில் தயங்குகிறாரா, பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் குழப்பிக்கொள்கிறாரா, கீறல்கள் பெருகுகின்றனவா என்று கவனியுங்கள் என்றார். இன்னொருவர், இரவில் மட்டும் எதிர்விளக்கு கூசினால் முதலில் கண்புரை இருக்கிறதா என்று பாருங்கள் என்றார். வேறொருவர், தூக்க மாத்திரைகளும் சில ஒவ்வாமை மாத்திரைகளும் மறுநாள்கூட மந்தத்தைத் தரக்கூடும் என்பதை நினைவூட்டி, மருந்துப் பட்டியலை மருத்துவரிடம் காட்டச் சொன்னார்.

அப்பாவுக்கு இரண்டு கண்களிலும் கண்புரை இருந்தது. அது தெரிந்ததும் இரவில் ஓட்டுவதை அவரே நிறுத்திக்கொண்டார். யாரும் சாவியைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு பகலில், அதுவும் பழகிய பாதைகளில் மட்டும், மேலும் சில காலம் ஓட்டினார். கண்புரை என்று கண்டுபிடித்தவர் மருத்துவர்தான், அந்நியர் அல்ல. ஆனால் மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை எங்களுக்குச் சொன்னது அந்தப் பன்னிரண்டு பேர். தெரியாதவர்களிடம் நான் இப்போது எதிர்பார்ப்பது பெரும்பாலும் அதைத்தான்.

முதல் முறை நாற்பது பேரும் ஒரே குரலில் பேசியது ஏன் என்று பின்னால் யோசித்தேன். என் ஒருதலைப்பட்சம் முதல் காரணம். ஆனால் பதில்கள் வரும் விதத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. 1907இல் ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் வெளியிட்ட ஒரு குறிப்பு பலருக்கும் தெரிந்திருக்கும். ஒரு கண்காட்சியில் மாட்டின் எடையை ஊகித்து 787 பேர் எழுதிக் கொடுத்த சீட்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, நடுவில் நின்ற மதிப்பு உண்மையான எடையிலிருந்து ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே விலகியிருந்தது. கூட்டத்தின் அறிவுக்குச் சான்றாக இதைச் சொல்பவர்கள், ஒவ்வொருவரும் மற்றவர் சீட்டைப் பார்க்காமல் எழுதினார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். இணையத்தில் அப்படியில்லை, இரண்டாவதாக வருபவர் முதல் பதிலைப் படித்துவிட்டே எழுதுகிறார். 2013இல் வெளியான ஒரு சோதனையில், செய்தித் தளம் ஒன்றில் பயனர்கள் எழுதிய கருத்துகளில் சிலவற்றுக்கு, உள்ளடக்கத்தைப் பாராமல், தொடக்கத்திலேயே ஒரு விருப்பு வாக்கை ஆய்வாளர்கள் இட்டார்கள். அந்த ஒற்றை வாக்கு, அவை கடைசியில் பெற்ற மதிப்பெண்ணைச் சராசரியாக 25 விழுக்காடு உயர்த்தியது. ஆகையால் நாற்பது பேர் ஒத்துக்கொண்டார்கள் என்பதை நாற்பது சாட்சிகளாக நான் இனி எண்ணுவதில்லை. முதல் இரண்டு பதில்களையும், யாரும் விரும்பாமல் கீழே கிடக்கும் பதிலையும் ஒரே அளவு கவனத்தோடு படிக்கிறேன். உங்கள் அக்கா ஏன் மறுக்கிறார் என்று நீங்கள் சொல்லவில்லையே என்று முதல் நாளே ஒருவர் கேட்டிருந்தார். அது கடைசியில் கிடந்தது. நான் அதைத் தாண்டிப் போயிருந்தேன்.

யாருடைய பதிலை நம்புவது என்பதற்கு என்னிடம் இப்போது ஓர் அடையாளம் இருக்கிறது. நம்பத் தகுந்தவர் பெரும்பாலும் முதலில் கேள்வி கேட்பார், தனக்குத் தெரிந்ததன் எல்லையைச் சொல்வார், எப்படித் தெரியும் என்பதைச் சொல்வார். என் சொந்த அனுபவம் இது ஒன்றுதான் என்று தொடங்குபவரின் பதில், எல்லாருக்கும் பொருந்தும் என்று முழங்குபவரின் பதிலைவிட எனக்குப் பலமுறை உதவியிருக்கிறது. வழவழப்பான, குறையொன்றும் இல்லாத நீண்ட பதிலைக் கண்டால் இப்போதெல்லாம் ஒருமுறைக்கு இருமுறை படிக்கிறேன். செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததை அப்படியே ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் பெருகிவிட்டார்கள். நிரலாளர்கள் கேள்வி கேட்கும் பெரிய தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2022 டிசம்பரிலேயே அத்தகைய பதில்களைத் தடை செய்தது. பார்க்கச் சரியானவைபோல் தோன்றிக்கொண்டே தவறாக இருந்தன என்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஓர் இயந்திரத்திடம் கேட்க வேண்டுமானால் நானே கேட்டுக்கொள்வேன். அந்நியரிடம் நான் தேடி வருவது, அவர் வாழ்ந்து அறிந்ததை.

பொதுவில் பதில் சொல்லாமல் தனிச்செய்தியில் வந்து உதவுகிறேன் என்பவரைப் பற்றி மட்டும் கடுமையாகவே சொல்வேன். பணம் திரும்பி வராத ஒரு பரிவர்த்தனையைப் பற்றி நான் கேட்ட அன்று, பத்து நிமிடத்துக்குள் வாடிக்கையாளர் சேவையிலிருந்து பேசுவதாக ஒருவர் தனியாக எழுதினார். மொழி அவ்வளவு பணிவாக இருந்தது. கடைசியில் ஓ.டி.பி. கேட்டபோதுதான் விழித்துக்கொண்டேன். பொதுவில் எழுதப்பட்ட தவறான பதிலைத் திருத்தப் பத்துப் பேர் இருப்பார்கள். தனியறையில் சொல்லப்பட்டதைத் திருத்த யாருமில்லை. அதனால், நல்ல எண்ணத்தோடு தனிச்செய்தி அனுப்புகிறவர்களிடமும் அதைப் பொதுவில் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். உண்மையானவர்கள் யாரும் இதுவரை வருத்தப்பட்டதில்லை.

பெயரை மறைத்தால் போதும் என்று நினைத்ததும் நான் பட்டுத் தெரிந்துகொண்ட தவறுகளில் ஒன்று. அலுவலகச் சிக்கல் ஒன்றை, நிறுவனத்தின் பெயரோ என் பெயரோ இல்லாமல் எழுதினேன். எத்தனை பேர் உள்ள குழு, மேலாளர் எப்போது சேர்ந்தார், எந்த மாதம் என்ன நடந்தது என்று, விவரமாக எழுத வேண்டும் என்ற ஆர்வத்தில் எழுதிவிட்டேன். இரண்டு நாளில் ஒரு சக ஊழியர் என்னிடம் வந்து, அது நீங்கள்தானே என்று மெல்லக் கேட்டார். அமெரிக்காவில் லட்டான்யா ஸ்வீனி என்ற கணினியியலாளர் 2000ஆம் ஆண்டு காட்டியதை அதன் பிறகுதான் படித்தேன். அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் என்ற மூன்று விவரங்களே அந்நாட்டு மக்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காணப் போதும் என்று அவர் கணக்கிட்டிருந்தார். விவரம் வேண்டும், ஆனால் சிக்கலுக்குத் தேவையான விவரம் மட்டும் வேண்டும். அப்பாவின் வயது கேள்விக்குத் தேவை. அவர் எந்தத் தெருவில் கீறலைப் பட்டுக்கொண்டார் என்பது தேவையில்லை. கைபேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமும் பதிந்திருக்கலாம் என்பதால், படம் சேர்க்கும் முன் அதையும் நீக்குகிறேன். இன்னொருவரைப் பற்றி எழுதும்போது, அவரே இதைப் படிக்க நேர்ந்தால் நான் அவர் முகத்தைப் பார்க்க முடியுமா என்று கேட்டுக்கொள்கிறேன். அக்கா படித்தார் அல்லவா?

கேட்கவே கூடாதவையும் உண்டு. காலையிலிருந்து அம்மாவின் வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது, பேச்சும் குழறுகிறது, களைப்பாக இருக்குமா என்று ஒருவர் எழுதியிருந்ததை ஒருநாள் தற்செயலாகப் பார்த்தேன். அது பக்கவாதத்தின் அறிகுறி. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயில் அடைப்பு இருந்தால், அந்த இரத்த உறைவைக் கரைக்கும் ஊசி பொதுவாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டும்; எவ்வளவு முன்னதாகவோ அவ்வளவு நல்லது. தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு உடனே அவசர உதவிக்கு அழையுங்கள் என்று நான் எழுதும்போதே மேலும் ஐந்தாறு பேர் அதையே எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆனால் கேள்வி பதிவாகி அதற்குள் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. நேரம் ஓடிக்கொண்டிருக்கும் எதையும், மருந்தின் அளவையும், உயிருக்கு ஆபத்தான மனநிலையில் இருப்பவர் பற்றியதையும் அந்நியர் விழித்திருக்கும் நேரத்தை நம்பி விடக் கூடாது. அந்தத் தாய்க்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பல மாதங்கள் அங்கே போய்ப் பார்த்தேன். கேட்டவர் திரும்ப வரவே இல்லை. வரும் நிலையில் அவர் இல்லாமல் இருந்திருக்கலாம், அதற்காக நான் அவரைக் குறை சொல்லவில்லை. முடிவு தெரியாமல் இருப்பது பதில் சொன்னவருக்கு எவ்வளவு கனமானது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அதனால், நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் திரும்பிப் போய் என்ன ஆயிற்று என்று எழுதுகிறேன். நன்றி என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாமல், யார் சொன்னதைச் செய்து பார்த்தேன், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று எழுதுகிறேன். பலிக்காததை எழுதுவது அவசியம். அதே சிக்கலோடு பின்னால் வருபவருக்கு அதுதான் நேரத்தை மிச்சப்படுத்தும். எனக்கு உதவிய பதில்களை என் குறிப்பேட்டிலும் எடுத்து வைத்துக்கொள்கிறேன். 2005 முதல் கோடிக்கணக்கான கேள்விகளைத் தாங்கியிருந்த யாஹூ ஆன்சர்ஸ் என்ற கேள்வி-பதில் தளம் 2021 மே 4ஆம் தேதி மூடப்பட்டபோது, முன்பு எனக்கு வழிகாட்டிய சில பதில்களைத் தேடிப் போய் வெறுங்கையோடு திரும்பினேன்.

அப்பாவைப் பற்றிய இரண்டு கேள்விகளுக்கும் அப்படித்தான் பின்குறிப்பு எழுதினேன். முதல் கேள்வியின் கீழே, நான் அக்காவைப் பற்றி எழுதாமல் விட்டவற்றை வரிசையாக எழுதி, என் பக்கம் நின்ற நாற்பது பேரிடமும் வருத்தம் தெரிவித்தேன். அவர்களில் மூவர் பதில் எழுதினார்கள்; ஒருவர், தன் அண்ணனைப் பற்றி முந்தைய ஆண்டு தான் கேட்ட கேள்வியை இப்போது போய்ப் படித்துவிட்டு வந்ததாகச் சொன்னார்.

சில மாதங்களுக்கு முன், எனக்குத் தெரியாத ஒருவர் அந்தப் பழைய கேள்வியைக் கண்டெடுத்து, அதன் கீழே ஒரு வரி எழுதியிருந்தார். அவருடைய தாயார் இன்னும் கார் ஓட்டுகிறாராம். தம்பி நிறுத்தச் சொல்கிறாராம். தனக்கு மனம் வரவில்லையாம். எப்படிப் பேசினீர்கள் என்று கேட்டிருந்தார். அவருக்குப் பதில் சொல்லத் தகுதியுள்ளவர் நான் அல்ல என்று தோன்றியது. அக்காவுக்கு அனுப்பி, நீங்கள் எழுதுங்கள் என்றேன். எனக்கு இதெல்லாம் பழக்கமில்லை என்று முதலில் மறுத்தார். இரண்டு நாள் கழித்து, ஒரு பக்கத்துக்கும் மேல் எழுதி, அனுப்புவதற்கு முன் என்னிடம் படிக்கக் கொடுத்தார். தாயாரைப் பற்றி மூன்று கேள்விகளும் தம்பியைப் பற்றி நான்கு கேள்விகளும் அதில் இருந்தன. நான் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் தொலைபேசியில் அப்பாவைப் பற்றிப் பேசி முடித்ததும், "அவர்கள் ஏதாவது எழுதினார்களா, பார்த்தாயா?" என்று அக்கா கேட்கிறார்.